ஈயச் சொம்பும் எட்டு மைல் ரயிலும்: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை, காரைக்குடி

மலாயாவின் முதல் ரயில் பாதையைப் பற்றி எழுதத்தான் காரைக்குடிக்கு வந்திருக்கிறேன். லாட்ஜில் அறைச் சாவியை நீட்டியவர், "மலேசியா ரயிலுக்கு இங்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். மலாயாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த நகரத்தாரின், அதாவது செட்டியார்களின், ஊர்கள்தான் இந்தச் செட்டிநாடு. அன்றன்று பார்த்ததையும் யோசித்ததையும் அன்றன்று இரவே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

முதலில் அந்த ரயிலைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தைப்பிங் என்று ஓர் ஊர். சுற்றுப்புறம் முழுக்க லாரூட் பகுதியின் வெள்ளீயச் சுரங்கங்கள் (ஆங்கிலத்தில் டின்; இனி சுருக்கமாக ஈயம் என்றே சொல்கிறேன்). அங்கிருந்து மேற்கே, சதுப்புநிலக் காட்டுக்குள் நுழைந்து கடலை எட்டும் இடத்தில் போர்ட் வெல்ட் என்று ஒரு சின்னத் துறைமுகம். இரண்டுக்கும் நடுவே 8 மைல், நம் கணக்கில் 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1885 ஜூன் 1 அன்று இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் மீட்டர் கேஜ். நம் தென்னிந்திய ரயில்வேயில் கூச்சென்று ஓடிக்கொண்டிருந்ததே, அதே அகலம்.

பயணிகளுக்காகப் போட்ட பாதை இல்லை அது. சுரங்கத்து ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுசேர்க்கப் போட்டது. அதற்கு முன் மாட்டு வண்டியிலும் யானை முதுகிலும்தான் ஈயம் கடலுக்குப் போனது. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர் தைப்பிங். அந்த மழையில், அந்தச் சேற்றில், ஈயக் கட்டி ஏற்றிய வண்டி எப்படி நகர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈயத்தை அங்கே பாரா என்ற அளவில் எடைபோட்டார்கள். ஒரு பாரா 400 பவுண்டு, அதாவது 180 கிலோவுக்கு மேல். ஒரு வண்டியில் எத்தனை பாரா ஏற்ற முடியும்?

இன்னொரு பின்னணியும் உண்டு. 1861இலிருந்து 1874 வரை லாரூட்டில் கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு சீனக் குழுக்கள் சுரங்கங்களுக்காகவும் தண்ணீருக்காகவும் மாறி மாறி வெட்டிக்கொண்டன. 1874இல் பங்கோர் தீவுக்கு அருகே ஒப்பந்தம் கையெழுத்தாகி, சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பேராக்கில் உட்கார்ந்தார். 1877 முதல் 1889 வரை அந்தப் பதவியில் இருந்தவர் ஹியூ லோ. அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பங்கு ஈயத்தின்மேல் போட்ட வரி. ஈயம் ஒழுங்காகக் கடலுக்குப் போனால்தான் கஜானா நிறையும். துறைமுகத்துக்கு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் காலனி) கவர்னர் பிரெடரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். பாதை போடும் வேலைக்கு இலங்கையிலிருந்து சிலோன் பயனியர் படையின் இரண்டு பிரிவுகள் வந்தன.

காலையில் காரைக்குடி சந்திப்பின் பிளாட்பாரத்தில் நின்றபோது மனசில் ஓடியது வேறு ஒரு கணக்கு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929இல். அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் பாதை திறந்தது 1930இல். அதாவது தைப்பிங் ஈயம் ரயிலேறி 45 வருஷம் கழித்துத்தான் செட்டிநாடு ரயிலைப் பார்த்திருக்கிறது. அந்த 45 வருஷத்துக்குள் இங்கே பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் எழும்பியிருக்கும். தேக்கு, சலவைக்கல், இரும்புத் தூண், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கடைசிக் கட்டத்தில் மாட்டு வண்டியில்தான் இந்தச் செம்மண் பொட்டலுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

சனிக்கிழமை, காரைக்குடி

இன்றைய நாள் முழுக்க முனீஸ்வரன் கோயில் தெருவிலேயே கழிந்தது. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரம், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி. ஒரு வீட்டின் மூன்று தலைமுறைச் சாமான்கள் நடைபாதையில் அடுக்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு எப்போதுமே வருத்தம்தான். ஆனாலும் இங்கே வராமல் இந்த வரலாறு கைக்கு எட்டாது.

நான் தேடியது ஈயச் சாமான். மூன்றாவது கடையில் கிடைத்தது. ஒரு பழைய ஈயச் சொம்பு, வாயில் லேசாக நசுங்கியது. கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, ஒரு வெள்ளைத் தாளில் தேச்சுப் பாருங்க" என்றார். தேய்த்தேன். கோடு விழவில்லை. காரீயமாக இருந்தால் பென்சில்போலச் சாம்பல் கோடு விழும், அது உடம்புக்கு விஷம். வெள்ளீயம் கோடு போடாது. அப்புறம் உடைந்த ஒரு தட்டின் விளிம்புத் துண்டை எடுத்து என் காதருகே வைத்து மெல்ல வளைத்தார். கறகறவென்று ஒரு சத்தம். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது உள்ளே அதன் படிகங்கள் சட்டென்று அமைப்பு மாறுவதால் எழும் சத்தம் அது. படித்திருக்கிறேன், காதால் கேட்டது இன்றுதான்.

ரசத்துக்கு ஈயச் சொம்பு என்பது நம் சமையலறைகளில் சட்டம் மாதிரி. வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்று பாட்டிகள் ஏன் கத்தினார்கள் என்றால், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரைதான் சொம்புக்கு ஆயுள். பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்பூச்சாகப் பூசியதும் இதே உலோகம். "ஈயம் பூசலையோ ஈயம்" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனவர் பாத்திரத்தை நெருப்பில் காட்டி, நவச்சாரம் போட்டு, துணியால் ஒரே இழுப்பில் வெள்ளையாக்கியது நினைவிருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்தின் வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து வந்தது. அங்கே மண்ணைத் திறந்தவெளியில் தோண்டி, ஈயமணலைத் தண்ணீரில் அலசிப் பிரித்து, மரக்கரி உலையில் உருக்கிக் கட்டியாக வார்த்தார்கள். தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனாவின் தென்கரையிலிருந்து வந்த கூலிகள். காய்ச்சலிலும் பெரிபெரி நோயிலும் அவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைப்பதே பெரும் பாடு. மரச்சங்கிலி இறைவை ஓடிய இடத்துக்கு நீராவி பம்பு வந்தபிறகு இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். ரயில் வந்த கொஞ்ச காலத்திலேயே உருக்கும் தொழிலும் இடம் மாறியது. 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1890இல் சிங்கப்பூரின் புலாவ் பிராணியில் பெரிய உலை வைத்தது. ஈயமணலை அப்படியே அனுப்பினால் போதும் என்றானது. கனமான சரக்கைத் தூரத்துக்கு அனுப்ப ரயிலும் கப்பலும் இருந்ததால்தான் அது முடிந்தது.

என் கையில் இருந்த சொம்பின் ஈயம் லாரூட்டுடையதா என்று எந்தச் சோதனையும் எனக்குச் சொல்லப்போவதில்லை. ஆனால் பினாங்குக் கப்பலில் ஊர் திரும்பிய ஒருவர் தன் பெண்ணின் சீர்வரிசைக்கு ஈயச் சாமான் அடுக்கியதை நம்புவதற்குச் சோதனை தேவையில்லை. சொம்பை வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, கானாடுகாத்தான்

காலை பஸ்ஸில் கானாடுகாத்தான். ராஜா அரண்மனையைத் தெருவில் நின்று பார்த்தேன். 1912இல் கட்டியது. எல்லாரும் அதன் முன்னால்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு வேலை இருந்தது இரண்டு தெரு தள்ளி. ஒரு நண்பரின் உறவினர் வீடு. பெயரை எழுத வேண்டாம் என்று அந்த வீட்டு ஆச்சி கேட்டுக்கொண்டார்கள்.

முகப்பில் ஏறி, திண்ணை தாண்டி, உள்வீடான வளவுக்குள் நுழைந்தால் வானம் திறந்த முற்றம். நான்கு பக்கமும் பர்மாத் தேக்குத் தூண்கள். அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கிப் பின்தெருவில் போய் முடிகிறது வீடு. இன்று அதில் வாழ்பவர்கள் ஆச்சியும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும். மற்ற பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் வருவார்கள்.

"எங்க ஐயாவுக்கு அப்பச்சி தைப்பிங்கில கடை வச்சிருந்தாக. அங்கதான் கொண்டுவிக்கப் போனது" என்றார்கள் ஆச்சி. கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் கடந்து தொழில் செய்யப் போவது. கடை என்றால் மளிகைக் கடை இல்லை, வட்டிக்கடை. அதற்கான இடம் கிட்டங்கி. நீளமான கூடத்தில் பாய் விரித்து, ஆளுக்கொரு கைப்பெட்டி முன்னால் வைத்து உட்கார்ந்து, ஒரே கூரைக்குக் கீழ் பல கடைகள். முதலாளி ஊரில் இருப்பார். அவர் அனுப்பிய ஏஜெண்ட் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார். கூடவே அவருக்கு உதவியாக அடுத்தாள், எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன். பெண்கள் போகமாட்டார்கள். பத்து வயசுப் பையன் பெட்டியடியில் சேர்ந்து, பேரேடு எழுதப் பழகி, இருபதில் ஏஜெண்ட் ஆகி, அவனும் தனிக்கடை வைப்பான். தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறுவான்.

இவர்களுக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை இங்கே உட்கார்ந்துதான் எனக்குத் தெளிவாகப் புரிந்துகொள்ள முடிந்தது. சுரங்கம் வைத்தவர் சீன முதலாளி. மண்ணை வெட்டத் தொடங்கி ஈயத்தை விற்றுக் காசு பார்க்கும்வரை மாதக்கணக்கில் கூலிகளுக்கு அரிசி, எண்ணெய், அபின் எல்லாம் கொடுக்க வேண்டும். அதற்குப் பினாங்கில் இருந்த பெரிய சீன வியாபாரிகள் முன்பணம் கொடுத்தார்கள். நகரத்தார் கடன் கொடுத்தது சுரங்கக்காரருக்கும், சரக்கு விற்ற கடைக்காரருக்கும், நிலம் வைத்திருந்த மலாய்க்காரருக்கும். ஐரோப்பிய பேங்குகள் எட்டிக்கூடப் பார்க்காத ஆட்கள் இவர்கள். பேங்கிடம் கடன் வாங்கி இந்த ஆட்களுக்குக் கடன் கொடுத்தது செட்டியார் கடை.

ரயில் வந்தபோது ஒரு விஷயம் மாறியிருக்க வேண்டும். இது என் கணிப்பு. ஈயம் சுரங்கத்திலிருந்து கப்பலுக்குப் போக எடுக்கும் நாள் குறைந்தால் கடன் திரும்பும் நாளும் குறையும். அதே ஆயிரம் டாலர் ஒரு வருஷத்தில் இன்னொரு தடவை கை மாறும். மழையில் வண்டிப்பாதை அடைபட்டு, தவணை தள்ளிப்போய், வட்டி ஏறி, கடன்காரர் ஓடிப்போகும் ஆபத்தும் குறையும். வரலாற்றுப் புத்தகங்கள் ரயிலை எஞ்சின், பாலம், கவர்னர் என்றே சொல்கின்றன. கைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் அது நாட்களைச் சுருக்கிய சாதனம்.

அந்த 8 மைலைப் பார்த்து மற்ற இடங்களும் அதே பாணியைப் பிடித்தன. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றுத் துறை நோக்கி. 1891இல் செரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு. நான்குமே உள்நாட்டு ஈயவயலைக் கடலோடு இணைத்த தனித்தனிக் கோடுகள். வரைபடத்தில் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. நாட்டின் நீளத்துக்கு ஒரு பாதை வேண்டும் என்ற எண்ணமே பிற்பாடு வந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து செரம்பான்வரை 1903இலும், ஜொகூர்வரை 1909இலும் பாதை நீண்டது.

தெலுக் ஆன்சன் பாதையில் 1894 செப்டம்பர் 17 அன்று ஒரு காட்டு யானை தன் மந்தையைக் காக்க ரயிலை முட்டித் தடம்புரளச் செய்து, தானும் இறந்துபோனது. அந்த இடத்தில் அதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் தொட்ட விஷயம் அதுதான். காடு யாருடையது என்று அந்த யானைக்குத் தெரிந்திருக்கிறது. அதே தெலுக் ஆன்சன், இன்றைய தெலுக் இந்தான், நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயிலுக்கும் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்கும் பெயர்பெற்ற ஊர். பாதை போன இடமெல்லாம் கடை போனது, கடை போன இடமெல்லாம் வேல் போனது. பினாங்கில் தைப்பூசத்துக்கு ஊர்வலம் வரும் வெள்ளித் தேர் 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் அனுப்பியது.

மதியச் சாப்பாட்டுக்கு ஆச்சி வற்புறுத்தி உட்கார வைத்தார்கள். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, மண்டி என்ற குழம்பு. நான் வாங்கிய சொம்பைக் காட்டினேன். விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஈயம் தம்பி" என்றார்கள். உள்கட்டில் ஒரு மரப்பெட்டி நிறையப் பேரேடுகள் இருக்கின்றனவாம். பூச்சி அரித்துக் கிடப்பதால் பங்காளிகளில் ஒருவர் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாராம். தயவுசெய்து வேண்டாம் ஆச்சி என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். தைப்பிங்கில் 1880களில் யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்த வட்டி, எப்போது திரும்பியது என்பது அரசாங்க அறிக்கைகளில் இல்லை. இருந்தால் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் இருக்கும்.

திங்கட்கிழமை, தேவகோட்டை வழியாகத் தொண்டி

தேவகோட்டையில் டீ குடித்த நேரம் தவிர நிற்கவில்லை. தொண்டிவரை பஸ். கருவேலங்காடு, கண்மாய், மறுபடி கருவேலங்காடு. கடல் காற்று முகத்தில் அடிக்கும்போது உப்பு வாசனையோடு கருவாட்டு வாசனையும் சேர்ந்து வருகிறது.

தொண்டி பாண்டியர் காலத்துத் துறைமுகம். செட்டிநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடல் இது. இங்கிருந்து தோணிகள் இலங்கைக்குப் போய்வந்தன. ஆனால் தொண்டிக்கு இன்றுவரை ரயில் கிடையாது. நீராவிக் கப்பல் காலம் வந்ததும் கடல் கடந்தவர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனார்கள். நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் நடுவே 1862லேயே ரயில் ஓடியது. 1926இல் ஓட ஆரம்பித்த ரஜூலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. எத்தனை தமிழ்க் குடும்பங்களின் பிரிவும் சேர்க்கையும் அந்த ஒரு கப்பலின் படிக்கட்டில் நடந்தன!

மீன்பிடிப் படகுகள் கட்டியிருந்த கரையில் உட்கார்ந்தபோது போர்ட் வெல்ட்தான் நினைவுக்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன் போயிருக்கிறேன். இப்போது கோலா செபெத்தாங் என்று பெயர். சதுப்புநில மரங்களை வெட்டிக் கரி சுடும் சூளைகள், மீன், சுற்றுலாப் படகு. 1980களில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பழைய டிக்கெட் கவுண்டர் ஒரு காப்பிக்கடையோடு சேர்ந்துவிட்டது. மிச்சம் நிற்பது ஸ்டேஷன் பெயர்ப்பலகை. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனம் இவற்றோடு தமிழிலும் 'போர்ட் வெல்ட்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலகையில் தமிழ் வந்தது சும்மா இல்லை. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் பராமரித்த கூலிகளில் பெரும்பகுதி தமிழர்கள், ஸ்டேஷன் அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். 1942, 43இல் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டபோது ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோய் அந்த 415 கிலோமீட்டர் காட்டில் சாகவிட்டார்கள். அதுவும் மீட்டர் கேஜ்தான். செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூணை மெச்சும்போது இந்தக் கூலிகளின் பெயரில்லாத வரிசையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சுரங்கத்துக்குப் போட்ட பாதைக்குச் சுரங்கம் இருக்கும்வரைதான் வேலை. லாரூட்டில் ஈயம் குறைய, கிந்தாப் பள்ளத்தாக்கு முந்திக்கொண்டது. பிறைக்கு நேராகப் பாதை கிடைத்ததும் போர்ட் வெல்ட் துறையின் அவசியமும் போனது. 8 மைல் பாதை ஒரு கிளைப்பாதையாகச் சுருங்கிக் கிடந்தது. வட்டிக்கடைகளுக்கும் இதே கதி வேறு வழியில் வந்தது. நகரத்தார் ரப்பருக்கு மாறினார்கள், தோட்டங்களும் வாங்கினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பரும் ஈயமும் விழுந்தன. கடனுக்கு ஈடாக வைத்த மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவர் எடுக்க முடியாதபடி 1933இல் சட்டம் இறுகியது. கடன் வாங்கியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தலைமுறை நிலத்தை ஒரு மோசமான வருஷத்தில் இழப்பது எந்த ஊர் விவசாயிக்கும் பொறுக்காது. ஆனால் கானாடுகாத்தானில் பாதி கட்டிய வீடுகள் அப்படியே நின்றதற்கும் அந்த வருஷங்கள்தான் காரணம்.

இன்னொரு தேதியும் உறுத்துகிறது. அறந்தாங்கிவரை 1903லேயே வந்துவிட்ட திருவாரூர்ப் பாதையைக் காரைக்குடியோடு இணைத்தது 1952இல். நாகப்பட்டினம் போகச் சுருக்கமான ரயில் செட்டிநாட்டுக்குக் கிடைத்தபோது, கொண்டுவிக்கப் போகிறவர்கள் கூட்டம் ஏற்கெனவே வடிந்துவிட்டது. அந்தப் பாதையும் மீட்டர் கேஜாகவே கிடந்து, 2018, 19இல்தான் அகலப்பாதை ஆனது. மலேசியாவிலோ அந்தப் பழைய பாதைகள் இன்றைக்கும் மீட்டர் கேஜ்தான். அதன்மேல் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. தைப்பிங்கிலும் நிற்கிறது.

சாயங்காலம் காரைக்குடி திரும்பும் வழியில் ஆச்சியின் பேரன் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். பேரேட்டுப் பெட்டியை எடைக்குப் போடவில்லை, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நாளைக்குத் திருவாரூர் ரயிலில் நாகப்பட்டினம் போவதாக இருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டுக் காலை முதல் பஸ்ஸுக்குக் கானாடுகாத்தான் போகிறேன். பேரேட்டில் இருக்கும் தமிழ் எண்ணும் மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்னக் கணக்கும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.